க: ஓர் எழுத்து ஏற்ற பொருள்கள்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர்மெய் வரிசையைத் தொடங்கி வைக்கும் ‘க’ என்ற எழுத்துக்குத் தமிழில் சொல் என்ற முறையில் தனிப்பொருள் எதுவும் இல்லை. அதே ஒலி வடமொழியில் நீர், தலை, இன்பம், பிரமன், சூரியன் என்று இருபதுக்கும் மேற்பட்ட பொருள்களில் வருகிறது. கம்போடியாவின் கெமர் மொழியில் அது கழுத்து. பர்மிய மொழியில் நடனமாடுதல். தமிழ்க் கணக்கில் ஒன்று. ஓர் எழுத்துக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது மொழியியலில் பழைய கேள்வி. அந்தக் கேள்வியைக் க என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஆராய்வதற்குக் காஞ்சிபுரம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அந்த ஊரின் பெயருக்கே இவ்வெழுத்தைக் கொண்டு விளக்கம் சொல்கிறார்கள். பக்கத்துத் திருப்புட்குழியில் இவ்வெழுத்தின் பொருளை ஒட்டி ஒரு குருவும் சீடரும் மாறுபட்டதாக வைணவ மரபு கூறுகிறது. பல்லவர் எழுத்து கடல் கடந்து போனபோது இவ்வெழுத்தும் உடன் போனது.

முதலில் தமிழ் இலக்கணம் சொல்வதைப் பார்க்க வேண்டும். சொற்களை எழுத்தளவால் வகைப்படுத்தும் தொல்காப்பியம், நெட்டுயிர்கள் தனித்து நின்று சொல்லாகும் என்றும் குற்றெழுத்துகள் அவ்வாறு நிறைவு பெறுவதில்லை என்றும் வரையறுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிச் சீயகங்கன் ஆதரவில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதை எண்ணிக் காட்டினார். உயிரில் 6, மகரத்தில் 6, தகர பகர நகரங்களில் ஐந்தைந்தாக 15, ககர வகர சகரங்களில் நான்கு நான்காக 12, யகரத்தில் 1 என நெடில்கள் 40. அவற்றோடு நொ, து என்ற இரண்டு குறில்கள் சேர்ந்து 42. ககர வரிசையில் அவர் கொண்டவை கா, கூ, கை, கோ என்ற நான்கு. க அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு ஒரு குறில் மட்டும் போதிய உடலாக அமைவதில்லை என்பதே காரணம்; நொ, து இரண்டும் அருகிய விதிவிலக்குகள்.

பிற மொழிகளோடு ஒப்பிடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘போ’ ஓரெழுத்து. அதே ஒலியை ரோமன் வரிவடிவில் எழுதினால் இரண்டெழுத்து. மெய்யும் உயிரும் கலந்த அசையையே ஓர் எழுத்தாகக் கொள்வது பிராமியின் வழிவந்த எழுத்துமுறைகளின் இயல்பு. ஆகவே தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் மிகுதி, ஐரோப்பிய மொழிகளில் குறைவு என்று பெருமை பேசுவது சரியான ஒப்பீடு ஆகாது. அசையோடு அசையை ஒப்பிடுவதே முறை. இந்தக் கட்டுரையில் வரும் பிறமொழிச் சான்றுகள் அந்த அடிப்படையில் எடுக்கப்பட்டவை.

நான்கு ககர மொழிகளுள் கா மிகச் செழிப்பானது. சோலை, காத்தல், தோளில் சுமக்கும் காவடித் தண்டு, பழைய நிறுத்தல் அளவு ஒன்று என அதன் பொருள்கள் விரிகின்றன. சோலைப் பொருள் ஊர்ப்பெயர்களில் உறைந்து நிற்கிறது. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்கோடிக்கா, திருக்குரக்குக்கா என்ற ஐந்து சிவத்தலங்களும் காவில் முடிபவை. காஞ்சிபுரத்திலேயே தூப்புல் பகுதியில் உள்ள விளக்கொளிப் பெருமாள் கோயிலின் தலப்பெயர் திருத்தண்கா, அதாவது குளிர்ந்த சோலை. தனிச் சொல்லாக இன்று யாரும் ‘கா’ என்று சோலையைச் சொல்வதில்லை. ஆனால் நகராட்சிப் பலகைகளில் பூங்கா என்று எழுதும்போதெல்லாம் பூ, கா என்ற இரண்டு ஓரெழுத்துச் சொற்களும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆ என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்தும் ஆவின் பாலில் நிலைத்திருப்பது போன்றதுதான் இதுவும். சிறு சொற்கள் தனியே நிற்க முடியாமல் போகும்போது கூட்டுச் சொற்களுக்குள் புகுந்து பிழைத்துக்கொள்கின்றன.

கை தன் முதற்பொருளை இழக்காமலே பக்கம், ஒழுக்கம், சிறுமை, படையின் அணி என்று விரிந்தது. ஒருதலைக் காமத்தைக் குறிக்கும் கைக்கிளையில் ‘கை’ என்பதற்குச் சிறுமை என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். கூ என்பதற்கு உரைகள் தரும் பொருள் நிலம். கூவுதல் என்ற வினை மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது.

கோ என்பதில் இரண்டு மொழிகள் ஓரெழுத்தில் வந்து சந்திக்கின்றன. தமிழ்க் கோ அரசன். வடமொழிக் கோ பசு. அதற்கு வானம், அம்பு, சொல், வச்சிரம், திசை, கண், கதிர், நிலம், நீர் ஆகியவற்றையும் சேர்த்து அமரகோசம் பத்துப் பொருள் கூறுகிறது. தமிழ் நிகண்டுகள் இருமொழிப் பொருள்களையும் ஒரே சொல்லின் கீழ்த் தொகுத்துவிட்டன. அரசனையும் பசுவையும் ஒரு வேரில் இணைத்துக் கதை சொல்வோர் உண்டு. ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவை மதுரை கொண்ட கோப்பரகேசரி என்ற அரசப் பட்டத்தோடு தொடங்குகின்றன. அக்காலத்து எழுத்தில் ஒகரக் குறிலுக்கும் ஓகார நெடிலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ‘கொண்ட’ என்பதில் உள்ள கொவும் ‘கோப்பரகேசரி’ என்பதில் உள்ள கோவும் கல்லில் ஒரே வடிவம். அடுத்தடுத்த இரண்டு சொற்களில் ஒரே வடிவத்தை ஒரு முறை வினையாகவும் மறு முறை அரசனாகவும் படிக்கச் சொல்வது எழுத்தன்று, தொடர்தான். குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தும் இன்றைய கொம்பு வடிவங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

வடமொழியில் க என்ற குறிலே சொல். அதன் பொருள் வரலாறு ஒரு வினாவில் தொடங்குகிறது. ‘யார்’ என்று கேட்கும் வினாப்பெயரின் அடி க. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்து 121ஆம் சூக்தம் எந்தத் தெய்வத்துக்கு அவியிடுவோம் என்ற வினாவைக் கடைசிப் பாட்டைத் தவிர மற்றப் பாட்டுகள்தோறும் எழுப்பிச் செல்கிறது. பிற்காலத்து வேத அறிஞர்கள் அந்த வினாவையே விடையாக மாற்றினார்கள். க என்பது பிரஜாபதியின் பெயர் ஆயிற்று. ஐதரேய பிராமணம் இதற்கு ஒரு கதை சொல்கிறது. பிரஜாபதியின் பெருமையை இந்திரன் தனக்கு வேண்டுமெனக் கேட்க, அதைக் கொடுத்துவிட்டால் நான் யார் என்று பிரஜாபதி வினவ, அந்த ‘யார்’ என்பதே உன் பெயராகட்டும் என்றான் இந்திரன். பாணினி இந்தக் க என்னும் தெய்வப்பெயரிலிருந்து சொல் ஆக்குவதற்குத் தனிச் சூத்திரமே வகுத்தார். ஒரு வினாச்சொல் தெய்வமானதும், அந்தத் தெய்வத்துக்கு இலக்கண விதி பிறந்ததும் உலக மொழிகளில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை.

சாந்தோக்ய உபநிடதம் வேறொரு பொருளைக் காட்டுகிறது. உபகோசலன் என்ற மாணவனுக்கு வேள்வித் தீக்கள் க, க²ம் என்ற இரண்டு ஒலிகளைக் கொண்டு பிரம்மத்தை உணர்த்துகின்றன. முதலாவது இன்பம், இரண்டாவது வெளி. அவனுக்குப் பொருள் விளங்கவில்லை. இரண்டும் ஒன்றே என்ற விளக்கம் கிடைக்கிறது. வாமன் சிவராம் ஆப்தே 1890இல் வெளியிட்ட அகராதி ஆண்பாலில் பிரமன், திருமால், காமன், தீ, காற்று, யமன், சூரியன், ஆன்மா, அரசன், மயில், மனம், காலம், மேகம் முதலிய பொருள்களையும், அலிப்பாலில் இன்பம், நீர், தலை என்ற மூன்றையும் தருகிறது. இவை அனைத்தும் வழக்கில் இருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஓரெழுத்துச் சொற்களைத் தொகுப்பதற்கென்றே ஏகாக்ஷர கோசங்கள் என்ற அகராதி வகை வளர்ந்தது. சிலேடைக் கவிஞர்களுக்கும் மந்திர நூலார்க்கும் அவை தேவைப்பட்டன. தேவைக்கேற்பப் பொருளும் பெருகியது. நீர்ப்பொருளின் உண்மையான வழக்குக்குத் தமிழிலேயே சான்று உண்டு. நீரில் பிறந்தது என்ற பொருளில் அமைந்த கஞ்சம், தாமரையின் பெயராகத் தமிழ்ச் செய்யுளில் வேரூன்றிவிட்டது.

காஞ்சிபுரத்தின் பெயர்க்காரணம் இந்த அகராதிப் பொருள்களில் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. க ஆகிய பிரமன் பூசித்த இடம் என்பதால் காஞ்சி என்று தலபுராண மரபு கூறும். தமிழில் காஞ்சி என்பது ஆற்றங்கரைகளில் வளரும் மரம்; திணையின் பெயரும் அதுவே. வேகவதி ஆற்றை ஒட்டிய ஊருக்கு மரத்தால் பெயர் வந்தது என்பது இயல்பான விளக்கம். பிரமன் கதை அந்தப் பெயருக்குப் பின்னாளில் ஏற்றப்பட்ட பெருமை என்றே கொள்ள வேண்டும்.

திருப்புட்குழியில் நடந்ததாகக் கூறப்படும் உரையாடல் இதைவிட ஆழமானது. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள இவ்வூர் 108 வைணவத் திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்றது. விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் இங்கே கோயில் கொண்டிருக்கின்றனர். புள்ளாகிய ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்ற நம்பிக்கையில் ஊரும் ஜடாயு தீர்த்தமும் பெயர் பெற்றன. மரபுப்படி 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், இங்கே யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

பாடம் சாந்தோக்யத்தின் முதல் அத்தியாயத்துப் பகுதி. சூரிய மண்டலத்தின் நடுவே விளங்கும் பொன்மயமான புருஷனின் கண்களுக்கு அங்கே ஒரு தாமரை உவமையாகிறது. தாமரைக்கு அடைமொழி ‘கப்யாஸம்’. அதைக் கபி, ஆஸம் என்று பிரித்தால் கபி குரங்கு; ஆஸம் இருக்கும் உறுப்பு. குரங்கின் பின்புறம் போலச் சிவந்த தாமரை என்று பொருள் வரும்; குரு அவ்வாறே விளக்கினார். சீடரின் கண்ணீர் குருவின் மேல் சூடாக விழுந்தது என்றும், காரணம் கேட்டபோது பரம்பொருளின் கண்ணுக்கு இத்தகைய உவமை தகாது என்று அவர் சொன்னார் என்றும் மரபு விவரிக்கிறது.

குருவின் விளக்கம் அவருடைய கற்பனை இல்லை. ஆதிசங்கரரின் உரையில் உள்ள பொருளே அது. குரங்கு தாமரைக்குத்தான் உவமை, கண்ணுக்கு நேரடி உவமை ஆகவில்லை, ஆதலால் இழிவு இல்லை என்று சங்கரர் அங்கேயே சமாதானம் சொல்லியிருக்கிறார். யாதவப் பிரகாசரும் சொற்பொருள் அறியாதவர் அல்லர். சொற்களை அசை எண்ணிக்கைப்படி வகுத்த காண்டங்களையும் கொண்ட வைஜயந்தி என்னும் வடமொழி நிகண்டு அவர் பெயரில் வழங்குகிறது. கஸ்டவ் ஆப்பர்ட் அதைப் பதிப்பித்து 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஆகவே திருப்புட்குழிக் கதையைப் பேதைக் குருவும் மேதைச் சீடனும் என்று சுருக்கிச் சொல்வது இருவருக்கும் நீதி செய்யாது. ஒரு நிகண்டாசிரியரும் ஒரு பொருள்கோள் அறிஞரும் ஒரே சொல்லை இருவேறு இடங்களில் பிளந்தார்கள் என்பதே சரி.

இராமானுசர் கபி என்பதை மேலும் பகுத்தார். க நீர், பி குடிப்பது. நீரைக் குடிப்பது சூரியன். சூரியனால் மலர்த்தப்பட்டது என்று கப்யாஸத்துக்குப் பொருள் கிடைத்தது. அவருடைய வேதார்த்த சங்கிரகத்தில் ஆழ்ந்த நீரில் தோன்றி, செழித்த தண்டில் நின்று, கதிரவன் கதிரால் விரிந்த தாமரை இதழைப் போன்ற கண் என்ற வருணனை இடம் பெறுகிறது. அந்த ஒரு தொடருக்குள் மூன்று விளக்கங்கள் அடங்கியுள்ளன என்று உரையாளர் சுதர்சன சூரி எடுத்துக் காட்டினார். பழைய உரைமரபில் கப்யாஸத்துக்கு ஆறு பொருள்கள் கூறப்பட்டு, மூன்று தள்ளப்பட்டு மூன்று கொள்ளப்பட்டன. கொள்ளப்பட்டவற்றுள் முதலாவதில் கபி நீரைக் குடிக்கும் சூரியன். இரண்டாவதில் நீரை உறிஞ்சும் தாமரைத் தண்டு. மூன்றாவதில் சொல் வேறாகப் பிரிந்து, நீரில் அமர்ந்திருப்பது என்றாகிறது. மூன்றும் க என்ற ஓரெழுத்தின் நீர்ப்பொருளைச் சார்ந்தே நிற்கின்றன. அந்தப் பொருளை எடுத்துவிட்டால் விளக்கம் முழுவதும் விழுந்துவிடும்.

அகராதியில் இருபது பொருள் இருக்க நீரை மட்டும் எடுத்தது சீடரின் விருப்பம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதே சொல்லில் காமனையோ மயிலையோ பொருத்திப் பார்த்தால் தொடர் நிற்காது. தாமரை நீரில் வாழ்வது. அதை மலர்த்துவது ஞாயிறு. உபநிடதம் பேசுவதும் ஞாயிற்று மண்டலத்தைப் பற்றியே. சூழலில் இருக்கும் இம்மூன்று செய்திகளும் ஒரே எழுத்தை நீரை நோக்கித் திருப்புகின்றன. குரங்கு என்ற பொருள் நேரடியானது, எளிதானது. இராமானுசர் கண்டது சொல்லை அரிந்து பெற்றது. இலக்கண எளிமையை அளவுகோலாகக் கொண்டால் சங்கரர் பக்கமும், சூழற்பொருத்தத்தைக் கொண்டால் இராமானுசர் பக்கமும் தராசு தாழும். உவமை பற்றிய இடத்தில் சூழலுக்கே வலிமை அதிகம் என்பதால் பின்னதன் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கிறது. பிற்காலத்தில் யாதவப் பிரகாசரே இராமானுசரிடம் சீடராகிக் கோவிந்த ஜீயர் என்ற பெயரில் துறவு பூண்டார் என்பது மரபு. துறவிகளின் ஒழுக்கம் பற்றிய யதிதர்ம சமுச்சயம் அவர் இயற்றியதாக வழங்குகிறது.

பொருளிலிருந்து எழுத்தின் வடிவத்துக்கு வந்தால், கூட்டல் குறி போன்ற பிராமி வடிவமே தமிழகத்துக் குகைக் கல்வெட்டுகளில் காணப்படும் முதல் க. அது வளைந்து நெளிந்து வட்டெழுத்தாகவும் தமிழாகவும் கிரந்தமாகவும் உருமாறியது. பல்லவர் காலத்துத் தென்னக எழுத்து வணிகரோடும் அந்தணரோடும் தென்கிழக்கு ஆசியாவுக்குச் சென்றது. காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு 611ஆம் ஆண்டினது; அதன் எழுத்து பல்லவ மரபினது. அங்கே சென்ற க தன்னோடு வடமொழிப் பொருளையும் தமிழ் இலக்கணத்தையும் கொண்டுபோய்த் திணிக்கவில்லை. கெமர் மொழியில் அந்த ஒலியில் ஏற்கெனவே இருந்த சொல் கழுத்து. ஆகவே எழுத்தைத் தனியே எழுதினால் கழுத்து என்று பொருள். பர்மியத்தில் அதே எழுத்து நடனமாடுதலைக் குறிக்கும் வினை. எழுவாயையும் புறப்பட்ட இடத்தையும் சுட்டும் உருபாகவும் வரும். தாய் மொழியில் மேலே ஒரு குறி பெற்று ‘உம்’, ‘ஆனால்’ என்பன போன்ற இடைச்சொற் பணி செய்கிறது. ஒரே எழுத்து, ஒரே மூலம், ஆனால் ஒவ்வொரு மண்ணிலும் வேறு பொருள். எழுத்துக்குள் பொருள் உறைந்திருக்கிறது என்ற கருத்தை மறுக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற குடும்பங்களில் இவ்வொலியின் பொருள்களை விரைவாகக் கடந்து செல்லலாம். பண்டை எகிப்தில் ‘கா’ மனிதனின் உயிராற்றல். உயர்த்திய இரு கைகளே அதன் சித்திர எழுத்து. ஹவாய் மொழியில் ‘க’ பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல். ஜப்பானியத்தில் ‘க’ கொசு. வாக்கிய இறுதியில் வந்தால் வினா. அல்பேனியத்தில் எருது என்றும் ‘உண்டு’ என்றும் பொருள். அரபு மொழியில் முன்னே ஒட்டினால் ‘போல’, பெயருக்குப் பின்னே ஒட்டினால் ஆணை நோக்கிச் சொல்லும் ‘உன்னுடைய’. செமித்திய எழுத்தான காஃப் உள்ளங்கை என்ற பெயருடையது. அதிலிருந்தே கிரேக்கக் கப்பாவும் ரோமன் எழுத்தும் வந்தன. தமிழ்க் கையையும் காஃபையும் உறவாக்கும் எழுத்துகள் அவ்வப்போது வெளிவருகின்றன. குறுகிய சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது மிக எளிது. ஒழுங்கான ஒலி மாற்றங்கள் பல சொற்களில் காட்டப்படாத வரை அத்தகைய உறவை ஏற்க முடியாது.

எண்ணாகும்போது எழுத்து வேறு வகைப் பொருளைப் பெறுகிறது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அரபு அப்ஜத் முறையிலும் ககரத்துக்கு இணையான எழுத்து 20. 499இல் தோன்றிய ஆரியபடீயத்தில் க 1. கேரளத்தில் ஓங்கிய கடபயாதி முறையிலும் க 1. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்களில் முதலாவதான கனகாங்கியின் க, ன என்ற முதலிரண்டு எழுத்துகளை 1, 0 என்று கொண்டு திருப்பிப் படித்தால் 01 கிடைப்பது அதனால்தான். இவற்றில் நெடுங்கணக்கு வரிசையே அடிப்படை. தமிழ் எண்ணின் கதை வேறு. தமிழில் 2க்கு உ வடிவம், 5க்கு ரு வடிவம், 8க்கு அ வடிவம். நெடுங்கணக்கு வரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிராமி எண்குறிகள் நூற்றாண்டுகளாகத் திரிந்து, ஓலையிலும் கல்லிலும் பழகிய எழுத்துகளின் சாயலை அடைந்தன. தமிழ் ஒன்றும் ககரமும் ஒத்திருப்பது வடிவ ஒற்றுமை மட்டுமே.

கணினியின் ஒருங்குறி இந்த வேறுபாட்டை முறையாகப் பேணுகிறது. எழுத்தாகிய க அதில் 2965ஆம் இடத்திலும், எண்ணாகிய ௧ 3047ஆம் இடத்திலும் தனித்தனியே இடம் பெற்றுள்ளன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. பழைய கணக்குச் சுவடிகளையும் நில ஆவணங்களையும் கோயில் வரவுசெலவு ஏடுகளையும் தட்டச்சு செய்வோர் பலர் எண்ணுக்குரிய இடத்தில் எழுத்தைப் பதிகிறார்கள். அந்தப் பழக்கத்தை இப்போதே கைவிட வேண்டும். எண்ணை எண்ணின் குறியீட்டிலேயே பதிவு செய்தால்தான் நாளை அவற்றில் தேடுவோருக்குக் கணக்கு கிடைக்கும்.